ராகு காலத்தில் போட்ட சிம்

என் பழைய போன் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் விழுந்து செத்துப்போனபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் அது என்னை அவ்வளவு பாடு படுத்தியிருந்தது. விழுந்த நேரம்தான் சரியில்லை. அதற்காக மட்டும் அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நாங்கள் இருப்பது இரத்தோட்டைக்கு மேலே, ஒரு தோட்டத்துப் பாடசாலையின் குவாட்டஸில். நான் அங்கே சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பெக்டரியில் லொறி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேருடைய போனும் ஒரே கம்பனி ஒரே நாளில் சலுகை விலையில் கொடுத்த ஜோடி. எனக்கு ஸ்மார்ட் போன், அவருக்குப் பட்டன் போன். அந்தக் கம்பனிக்கு எங்கள் மலையில் கவரேஜ் கிடையாது. குசினி ஜன்னல் கம்பியில் போனை ஒரு பொலித்தீன் பேக்கில் போட்டுத் தொங்கவிட்டால், காற்று நன்றாக அடிக்கிற நாளில் ஒரு சிக்னல் கோடு வரும். ஆற அமர இருந்து பேச வேண்டுமென்றால் குவாட்டஸுக்குப் பின்னால் இருக்கிற பெரிய கல்லில் ஏற வேண்டும். அட்டை கடிக்கும். கல்லில் நின்றுகொண்டு நான் பேசிய குடும்ப இரகசியமெல்லாம் கீழே தொழிலாளர் லயத்துக்கே தெரியும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் எதிர் மலையில் இன்னொரு கம்பனி டவர் போட்டது. குசினியில் நின்று பார்த்தால் நேராகத் தெரிகிறது. நான் உடனே இறங்கிப்போய் அந்தக் கம்பனி சிம் ஒன்று வாங்கிவந்தேன். போட்டால், என் போன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னை விற்ற கம்பனியின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அதைப் பூட்டித்தான் தந்திருக்கிறார்களாம். அவருடைய பட்டன் போனும் அப்படியே. நான் காசு கொடுத்து வாங்கிய போனுக்கு எவனோ பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோயிருக்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எந்தச் சிம்மும் போடக்கூடிய, பூட்டில்லாத போன் ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவசரத்துக்குக் காரணம் என் தங்கச்சி. வில்கமுவப் பக்கம் வயல் வைத்திருக்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பல வருடம் காத்திருந்து அப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடுவோம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை அந்தியில் நான் கல்லில் ஏறி அவளோடு பேசினேன்.

"நான் நாளைக்கே வர்றேன்டி."

"வந்து? வார்ட்டுக்குள்ள அவரத் தவிர ஒருத்தரையும் விடமாட்டாங்கக்கா. நீ கேட்டுல நின்னு என்ன செய்யப்போற? புள்ள பொறந்ததுக்கப்புறம் வந்து குளிப்பாட்டு."

"பயமா இருக்கா?"

அழுகிற குரலில், "தியேட்டருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நான் ஒனக்குப் போன் அடிப்பேன். நீ என்னத் திட்டணும். நல்லாத் திட்டணும்," என்றாள்.

இது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள பழக்கம். அம்மா போனபோது அவள் சின்னப் பிள்ளை, வளர்த்தது நான். எனக்குக் கொஞ்சத் தெரியாது, திட்டத்தான் தெரியும். ஊசி போடும்போது, ஓ.எல். சோதனைக்குப் போகும்போது, தாலி கட்டுவதற்கு முன்னால், எல்லா இடத்திலும் நான் திட்டினேன், அவள் நிமிர்ந்தாள். ஆகவே சரி என்றேன். கல்லில் ஏறிக் காத்திருக்க முடியாதே என்று, சிம் உறையைப் பார்த்துப் புதிய நம்பரையும் வாசித்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்த சிம் வேலை செய்யும், அதற்குத்தான் அடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். இறங்கிவந்து போனை ஜன்னலில் தொங்கவிட்டேன். பேக்கின் காது அறுந்தது. நேரே கீழே பீப்பா.

தங்கச்சியின் நம்பர், அவள் புருசனின் நம்பர், எல்லாம் அந்தப் போனுக்குள்ளேதான் இருந்தன. மனப்பாடமாக எனக்கு என் நம்பரே தெரியாது. வீட்டுக்காரரின் போனில் தேடினால் பெக்டரி, மெக்கானிக், சோதிடர். பழைய சிம்மை அவர் போனில் போடலாமென்றால் அதற்கும் கல்லில்தான் ஏற வேண்டும், அவள் அடிக்கப்போவதோ புது நம்பருக்கு.

அவர் போனில் சோதிடரின் நம்பர் இருப்பது ஏன் என்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் நாள்காட்டியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். லொறிக்குப் புது டயர் போட்டால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நகர்த்தமாட்டார். சட்டைப் பையில் ராகு காலம் எழுதிய சின்ன அட்டை எப்போதும் இருக்கும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மாத்தளை டவுனுக்குப் பஸ் பிடித்தோம். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற, எனக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் அண்ணனின் போன் கடை. ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த போன்கள் விற்பார். போனதும் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு, கீறல் இல்லை, எனக்குப் பிடித்துவிட்டது.

"இது ஓப்பன் போன்தான் டீச்சர். ஆனா சிலது பூட்டோடயே வந்துரும், வெளியில பாத்தா வெளங்காது. சிம்மக் குடுங்க, போட்டுப் பாத்துட்டே கொண்டுபோங்க."

நான் கைப்பையைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"இப்ப ராகு காலம்."

"சிம்தானேங்க போடுறோம், தாலியா கட்டுறோம்?"

"சிம் போடுறதுதான் போனுக்கு உயிர் குடுக்கிறது. பச்சப் புள்ள விசயம் வரப்போற போன். வீட்டுக்குக் கொண்டுபோய், வெளக்கேத்தி, நல்ல நேரத்துல போடுவோம்."

மூன்று மணி தாண்டும் வரை காசைக்கூடக் கொடுக்க விடவில்லை. தாண்டியதும் எங்கள் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. நானா கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, ஒரு நிமிசம்தான்," என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அந்தியில் பூசை நடந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, ஊதுபத்தி, ஒரு எலுமிச்சம்பழம். எங்கே பழத்தோடு போன்மேலும் லொறியை ஏற்றிவிடுவாரோ என்று பயந்தே போனேன். அட்டையில் எழுதிய நிமிடம் வந்ததும் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து சிம்மைப் போடச் சொன்னார். போட்டேன். திரை வெளிச்சமாயிற்று. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிடம் இங்கிலீசில் எழுத்து வந்தது: இந்த சிம் செல்லாது, பூட்டைத் திறக்கும் இலக்கத்தைத் தரவும்.

"என்னமோ கேக்குதே?" என்றார்.

"சாவி கேக்குதுங்க. நாள்காட்டியில இருந்தா எடுத்துக் குடுங்க."

அதற்குப் பிறகு நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வளர்ந்து இதைப் படிக்கக்கூடும். அடுத்த குவாட்டஸ் டீச்சர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். லயத்தில் யாரிடமாவது போனை வாங்கி என் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் எந்த நேரம் அழைப்பு வரும் என்று தெரியாமல் இன்னொருவரின் போனை எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்வது? காலையில் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டுத் திரும்பவும் மாத்தளைக்கே கிளம்பினோம்.

அன்றைக்கென்று பஸ் வழியில் நின்றுவிட்டது. டயர் மாற்றி, மழையில் ஊர்ந்து, டவுனுக்குள் வந்து கடைப் படியில் கால் வைத்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். எடுக்காமலே எனக்குத் தெரியும்.

நானா போனை வாங்கிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அல்லாஹ்வே, இதுக்குத்தான் டீச்சர் நான் நேத்தே சொன்னேன். இது இன்னைக்குத் தொறக்காது. கோட் எடுக்க நாள் போகும். பரவாயில்ல, இதே மாதிரி வேற ஒண்ணு தர்றேன். ஆனா இந்தத் தடவ சிம்மப் போட்டுப் பாக்காம கடைய விட்டு வெளிய விடமாட்டேன்."

மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு போனை எடுத்து வைத்தார். சிம் என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்துக்குள் இருந்தது. அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பன்னண்டு ஆகட்டும்."

"பன்னண்டுக்கு நான் ஜும்மாவுக்குப் போயிருவேன் அண்ணே. கடை பூட்டிருவோம்."

"அப்ப தொழுதுட்டு வாங்க. நாங்க நிக்கிறோம்."

நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "பன்னண்டுக்குள்ள அவளத் தியேட்டருக்குக் கொண்டுபோயிருவாங்க! இப்பவே எத்தன தடவ அடிச்சு அடிச்சுப் பாத்தாளோ! தாயில்லாத புள்ள, நான் சத்தம் போட்டாத்தான் அவளுக்கு உசிரே வரும். ஒங்க ராகுவக் கொண்டுபோய் லொறிக்கு அடியில வைங்க!"

கடையில் ரீலோட் போட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். எனக்கு அழுகையும் வந்துவிட்டது. திட்டும்போது நான் அழுது அவர் பார்த்ததில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. என் அழுகையால் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார், "அப்ப... புள்ளய எடுக்கிறதும் ராகு காலத்துலயா?"

"ஆமா. டொக்டரக் கூப்பிட்டுக் கத்திய கீழ வைக்கச் சொல்லுங்க."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். சிம்மைத் தட்டி விபூதியை ஊதி, நானாவிடம் கொடுக்காமல், தானே அந்தப் போனுக்குள் வைத்துத் தள்ளினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே காலுக்கு மேல். கோடு வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு நிறைய. நானா, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். நானா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தானும் நின்றார். பதினொன்றரையும் தாண்டி, அவர் முன்ஷட்டரைப் பாதி இறக்கியபோதுதான் அது அடித்தது.

"அக்கா! எத்தன தடவ அடிச்சேன்! எங்க போய்த் தொலஞ்ச?"

"நான் தொலஞ்சனா? வாயப் பாரு! எருமைக்குப் பொறந்த எருமை, ஊர் ஒலகத்துல ஒருத்தியும் புள்ள பெத்ததில்லையா? நீ என்ன பெரிய மகாராணியா, கத்தியப் பாத்தா அழுவியோ? அழுத, பல்ல ஒடச்சிருவேன். மூஞ்சியத் தொடச்சுக்க. எந்திரிச்சு ஒக்காரு. நர்ஸ் மிஸ்ஸி கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டுப் போகணும், வெளங்குதா?"

மாத்தளை டவுனின் நட்ட நடுவில், ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்று, மூச்சு விடாமல் திட்டினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"குடு. ஒரு வார்த்த பேசணும்."

ராகு காலத்தைச் சொல்லித் தங்கச்சியைப் பயமுறுத்தப்போகிறார் என்று போனை இறுக்கிப் பிடித்தேன். பிடுங்கிக்கொண்டார்.

"புள்ள, நான் மச்சான். நாள்காட்டியெல்லாம் பாத்துட்டேன். நல்ல நேரத்துலதான் போற. இதவிட நல்ல நேரம் இந்த மாசத்துலயே இல்ல. தைரியமாப் போய்ட்டு வா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தெருவில் போகிற த்ரீவீல்களைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், நேரத்தைப் பற்றி அவர் பொய் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தியில் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. குசினியிலேயே! கல்லில் ஏறாமல், அட்டை கடிக்காமல்! பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். தங்கச்சியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது, ஆனால் சிரிப்பு இருந்தது. நான் அழுதுகொண்டே, "பாத்தியா, நான் திட்டினா எல்லாம் சரியாப் போகும்," என்றேன்.

"நீ திட்டினதுல எனக்கு இன்னும் அழுகதான் வந்துச்சுக்கா," என்றாள். "மச்சான் நல்ல நேரம்னு சொன்னாரே, அதக் கேட்டப்புறம்தான் பயம் போச்சு. அவருகிட்ட சொல்லு."

அவர் வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தவில்லை. "கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார்.