கோட்டுப் பையில் இருந்த தீப்பெட்டி

எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எல்லாரும் அறுபதைத் தாண்டிய பிள்ளைகள். தினமும் காலையில் யாராவது ஒரு பனிமூட்டப் படத்தைப் போட்டு, "அந்த நாள் திரும்ப வருமா?" என்று கேட்பார். உடனே இருபது பேர் உருகுவார்கள். சங்குச் சத்தம், கேண்டீன் வடை, தைலமரக் காற்று, நாமெல்லாம் ஒரே குடும்பம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே குடும்பமாம். வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றி மலைச்சரிவில் அமைந்த ஊர் அது. மேட்டில் அதிகாரிகளின் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் வீடுகள். கிளப்பில் சினிமா போட்டால் எங்களுக்குப் பிரம்பு நாற்காலி, அவர்களுக்குப் பெஞ்சு. இன்று அதிகம் உருகுகிறவர்கள் பிரம்பு நாற்காலிக்காரர்கள்தான். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்.

சென்ற மே மாதம் குன்னூரில் ஒரு மண்டபம் பிடித்து எல்லாரும் கூடினோம். என் வகுப்புத் தோழன் ஒருவன் தாமதமாக வந்து, குல்லாவைக் கழற்றாமல் கதவோரம் நின்றான். அவன் அப்பா தொழிலாளியாக இருந்தவர். குடும்பம் எமரால்டு என்ற மலைக்கிராமத்துக்குக் காய்கறி விவசாயம் பார்க்கப் போய் வெகுகாலமாகிறது.

"வாப்பா, எமரால்டு கேரட்டு!" என்றார் ஒருவர்.

"கேரட்டு போனவருசமுங்க. இப்பப் பூண்டு" என்றான். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"எனக்கு எதுக்குடா ங்க?"

"வேற எப்படிங்க கூப்பிடறது?"

கேக் வெட்டிய பிறகு, எங்கள் கூட்டத்தின் நிரந்தரக் கோமாளி மைக்கைப் பிடித்தான். தொழிற்சாலை கேட்டில் தினமும் காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திச் சட்டை, கோட்டெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். அங்கே தீப்பெட்டியை விடப் பெரிய குற்றம் கிடையாது. "ஞாபகம் இருக்கா? ஒருத்தரு கோட்டுல தீப்பெட்டியோட வந்து நின்னாரே! பீடிய மறந்தாலும் பெட்டிய மறக்கல மனுசன்!" மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். தோழன் தட்டை வைத்துவிட்டு வெளியே போனான். மாட்டிக்கொண்ட அந்த மனிதர் அவனுடைய அப்பா.

அந்தத் தீப்பெட்டி என்னுடையது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. காய்ச்சலில் கிடந்த அவனுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கப் போயிருந்தேன். கிளம்பும்போது தூறல். "அப்பன் கோட்டப் போட்டுட்டுப் போ சாமி, நனையாதே" என்று அவன் அம்மா ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக் கொடுத்தார். வழியில் தைலமரங்களுக்குள் ஒதுங்கி, திருட்டு சிகரெட் ஒன்றைப் பிடித்தேன். மாலையில் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், பையைப் பார்க்காமல். மறுநாள் காலை அவர் கேட்டில் பிடிபட்டார்.

விசாரித்த மூன்று பேரில் என் அப்பாவும் ஒருவர். "பெட்டி எப்படி வந்ததுன்னு சொல்லத் தெரியல அந்த ஆளுக்கு" என்றார் சாப்பிடும்போது. நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். வேலை போயிற்று, வீட்டைக் காலி செய்தார்கள். லாரி கிளம்பிய அன்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோட்டை என்னிடம் கொடுத்தது அவருக்கு மறந்திருக்க முடியாது. ஆனால் மேட்டு வீட்டுப் பையனை யார் கேட்பது? நான் பொறியியல் படித்தேன், நல்ல வேலையில் ஓய்வு பெற்றேன். பயந்த பையன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பையன் சீக்கிரமே பெரியவனாகிவிட்டான். ஐம்பது வருடம் வாய் திறக்காதது பெரியவன்தான்.

மண்டபத்துக்கு வெளியே தோழன் குல்லாவைக் கையில் பிழிந்துகொண்டு நின்றான். "எங்கப்பன் பீடியே குடிச்சதில்லீங்க. நாந்தான் வெச்சேன்னு என்னையப் போட்டு அடிச்சாரு. காச்சல்ல கெடந்தவன் எப்படீங்க வெப்பேன்?"

"நான்தான் வெச்சேன்" என்றேன். கோட்டு, தூறல், சிகரெட் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது?" என்றான் கடைசியில். "அப்பன் ஊட்லதான் இருக்காரு. வந்து சொல்லுங்க. காது கேக்காது. சத்தமாச் சொல்லோணும்."

அன்று மதியமே அவனோடு எமரால்டு பஸ்ஸில் ஏறினேன். வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் நாற்காலி போட்டுக் கிழவர் உட்கார்ந்திருந்தார். காதருகே குனிந்து சொன்னேன். "ஏனுங்க?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பெண்கள் கையை நிறுத்தினார்கள். மூன்றாவது முறை கத்தினேன்: "கோட்டுல தீப்பெட்டி வெச்சது நாந்தாங்க!"

தீப்பெட்டி என்ற சொல் மட்டும் அவருக்குக் கேட்டது. கைகளை ஊன்றி எழப் பார்த்தார். மகன் பிடித்துக்கொண்டான். என்னை யாரென்று நினைத்தாரோ, பாதி எழுந்த நிலையிலேயே சொன்னார்:

"நான் பீடி குடிக்கறதில்லீங்க சார். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."