அவரைப் படத்தில் அத்தை வைத்த புள்ளிகள்

என் மேசைக்கு எதிரே ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. அவரைக் கொடி, ஊதாப் பூ, காய், ஓட்டை விழுந்த ஓர் இலை. அந்த இலையின்மேல் சிவப்புப் பொறிவண்டு. கீழே பிரெஞ்சில் இரண்டு பெயர்கள். எதற்கும் தேதி தேடுவது என் பழக்கம். சட்டத்துக்குள் அடங்குவதற்காக யாரோ அடி ஓரத்தை வெட்டியதில், அச்சான ஆண்டு போய்விட்டது. பழம்படங்கள் சேர்க்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "நல்ல படம், யாரோ பேனாவால கெடுத்து வெச்சிருக்காங்களே" என்றார். தண்டு நெடுக இருக்கும் கறுப்பு மைப்புள்ளிகளைச் சொன்னார். கெடுத்தது என் அத்தை.

கரிக்கலாம்பாக்கத்தில் அத்தையும் மாமாவும் பயிர் வைத்திருந்தார்கள். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கதவு வாங்கப் போன மாமா, கதவோடு இந்தப் படத்தையும் கொண்டுவந்தார். "வெள்ளைக்காரன் நம்ம அவரையப் போட்டிருக்கான் பாருடா" என்று அத்தை அதைக் கூடத்தில் மாட்டினார். கொரோனா ஊரடங்குக்கு அடுத்த வருஷம், சுற்றிலும் மனைக்கற்கள் நட்டாகிவிட்டது. அந்தத் தடவை அவரை விளைச்சல் தேறாவிட்டால் நிலத்தை ப்ளாட்டுக்குக் கொடுத்துவிடுவதென்று மாமா முடிவு செய்தார். பொங்கல் கழித்து வரும்படி புரோக்கரிடமும் சொல்லிவிட்டார். அத்தைக்கு நிலத்தை விட மனமில்லை.

மார்கழியில் பந்தலில் பொறிவண்டு தென்பட்டது. அத்தை படத்தைப் பார்த்தார். இலையில் ஓட்டை, பக்கத்தில் வண்டு. அப்புறம் என்ன சந்தேகம்? காலைதோறும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார். சில நாட்களில் கொழுந்தும் பூக்காம்பும் அசுவினி என்னும் செடிப்பேன் அப்பிக் கறுத்தன. "நீ வண்டு புடிக்கப் புடிக்கப் பேனு ஏறுதேடி, இன்னா வைத்தியம் இது?" என்று மாமா சிரித்தார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், குளவிக்கூட்டுக்குப் பயந்து அத்தை கைவைக்காத கொடி ஒன்று இருந்தது. ஒருநாள் என்னை அங்கே அழைத்துப் போனார். கொடி முழுக்க வண்டு. அசுவினி அங்கொன்றும் இங்கொன்றும்தான். காய் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. ஒரு வண்டு அசுவினியைக் கவ்வித் தின்பதைக் குனிந்து பார்த்தார். "அடப்பாவி, இவன் எலயத் தின்னலடா. காவக்காரனையே புடிச்சிப் புடிச்சிக் கொன்னிருக்கேன்." பழைய படங்களில் அழகுக்காக ஏதாவது ஒரு பூச்சியை வைப்பது உண்டு என்றேன். "அழகுக்கு வெக்கிறவன் ஓட்டைக்குப் பக்கத்துலயா வெப்பான்?" என்றார்.

அன்று பகல் முழுக்க டிபன் டப்பாவில் வண்டுகளைச் சுமந்து பந்தலில் விட்டார். மாலையில் படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, தண்டு நெடுகப் பேனாவால் அசுவினி வைத்தார்.

புரோக்கர் வந்தபோது பாதிப் பந்தல் மறுபடி பூத்திருந்தது. மாமா அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "காய் முடியட்டும், அப்புறம் வாங்க" என்றார். அதன்பின் புரோக்கர் வந்த ஒவ்வொரு முறையும் நிலத்தில் ஏதாவதொன்று காய்த்துக்கொண்டுதான் இருந்தது.

அத்தை போன வருஷம் இறந்தார். படத்தை மாமா எனக்குக் கொடுத்தார். நிலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இந்தத் தையிலும் ஒரு பை அவரைக்காய் வந்தது. புள்ளிகளை நீக்கித் தர ஆள் இருக்கிறது என்றார் நண்பர். வேண்டாம் என்றேன். இந்தப் படத்தில் எனக்கு ஆண்டு தெரிந்த பகுதி அது ஒன்றுதான்.