முட்டைக்குள்ளிருந்து ஒரு கீச்

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில்தான் இன்குபேட்டர். கலப்பில்லாத சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள் அதன் மஞ்சள் வெளிச்சத்தில் கிடப்பதைப் பார்த்தாலே எனக்குக் கண் சொக்கும்.

குஞ்சு பொரிக்கிற சமயத்தில், ஒரு மழை மதியம் கரண்ட் போனது. சூடு போய்விடுமே என்று பெட்டியின் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைத்தேன். மேலே கம்பளியும் போர்த்தினேன். மழைச் சத்தத்தில் அப்படியே பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

வேலை முடிந்து வந்த கணவர், "இன்னாம்மா இது, உள்ள கீறதுக்கு மூச்சு வேணாமா?" என்று டேப்பைப் பிய்த்தார். ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். எங்கோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் 'கீச்' என்றது.

இப்போது கரண்ட் போனாலும் துளைகளைத் தொடுவதில்லை. அந்த முட்டையில் பிறந்த கோழியே இன்று அடை கிடக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் முட்டைகளைத் திறந்துபோட்டுவிட்டு இரை தேடப் போகிறது. நான் போய் மூடுவதில்லை.