ஒரே டேப் ரிக்கார்டருக்கு இரண்டு சுங்க ரசீது

மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு, இன்று காலை ஒரேயடியாக ஊருக்கு வந்து இறங்கினேன். வயிறு இன்னும் எரிகிறது.

என் டேப் ரிக்கார்டர் புதிது அல்ல. போன லீவில் கொண்டுவந்து, இதே திருவனந்தபுரம் விமான நிலையத்தில் டியூட்டி கட்டியாயிற்று. வீட்டில் ரிப்பேரானது. இங்கே பார்ட்ஸ் கிடைக்கவில்லை. மஸ்கட்டுக்கே திரும்ப எடுத்துப்போய்ச் சரிசெய்து, இன்று கொண்டுவந்தேன்.

பழைய ரசீதை நீட்டினேன். சுங்க அதிகாரி அதிலிருந்த நம்பரை செட்டின் அடியிலிருந்த நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

"இது உள்ள வந்ததுக்கான ரசீது, சாரே. வெளிய கொண்டுபோன பேப்பர் எவிடே?"

போகும்போது அப்படி ஒன்று எழுதி வாங்க வேண்டுமென்று எவன் எனக்குச் சொன்னான்?

"வெளிய போகாம இது எப்படி சார் இன்னிக்கு மறுபடி உள்ள வரும்?"

"அதொக்க சரிதான். பேப்பர் இல்லேங்கில் டியூட்டி அடைக்கணும்."

கத்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கட்டினேன்.

கரமனை வீட்டில் என் மனைவி இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே பெயர், அதே நம்பர்.

"ஏன்னா, ஒண்ணுதானே கொண்டுவந்தேள்?" என்றாள்.

சர்க்கார் ரிக்கார்டுபடி இப்போது என்னிடம் இரண்டு டேப் ரிக்கார்டர் இருக்கிறது. அந்த இரண்டாவதை யாராவது எங்கேயாவது பார்த்தால் சொல்லியனுப்புங்கள். டியூட்டி கட்டியிருக்கிறேன், ஒரு பாட்டாவது கேட்க வேண்டாமா?