அழிக்கச் சொன்ன குரல்

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டை மிஞ்ச டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்ட் ஊரில் ஆளில்லை. கதவு மணி அடித்தால் முதலில் தொலைக்காட்சியை நிறுத்துவோம். பிறகுதான் யாரென்று பார்ப்போம். அந்த வருடம் இலங்கையிலிருந்து வந்த பெரியப்பா வேறு எங்களோடு இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

அப்போதுதான் எங்கள் குடியிருப்பின் பொது அறைக்கு ஓர் ஓவியக்காரி வந்தாள். ஒரு காலத்தில் டென்மார்க் ஆண்ட கரீபியன் தீவொன்றில் பிறந்தவள். அங்கே கடல் ஏறி இடுகாட்டை அரிக்கிறதாம். தீவில் தன்னை டெனிஷ்காரி என்கிறார்கள், இங்கே தீவுக்காரி என்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். நீலத் துணிகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கிடையே ஒலிக்கவிடுவதற்காக, கடலிடம் எதையாவது இழந்தவர்களின் குரல்களைப் பதிந்தாள். எந்த மொழியிலும் பேசலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தாள். அந்த அறிவிப்பைப் பெரியப்பாவுக்கு வாசித்துச் சொன்னதே நான்தான்.

"படம் கீறிறவளுக்கு மைக் எதுக்கு?" என்றார் அம்மா. பத்து வயதில் எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

பெரியப்பா அங்கே போய் ஒரு மணி நேரம் கதைத்தார் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் போரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தார். கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"பேப்பரில இல்லாததைக் கதைச்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். போய் அழிக்கச் சொல்லு. பெரியப்பாவுக்கு மூச்சும் விடாதை."

போனேன். எது அவருடையது என்று அறிய அவள் கொஞ்சம் ஒலிக்கவிட்டாள். "என்ர பிள்ளையின்ர கையை விட்டிட்டன்..." என்று பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பொய் வேறு சொல்லியிருக்கிறார், அகப்படப்போகிறார் என்று பயந்தேன். அவரே அழிக்கச் சொன்னாரா என்று அவள் கேட்டாள். ஆமென்றேன். வேறு பிரதி இருக்கிறதா என்றும் விசாரித்தேன். என் கண் முன்னாலேயே அழித்தாள்.

அன்று மாலை பெரியப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தப் படம் கீறிற பிள்ளை என்ர கதையைப் பத்திரமா வைச்சிருப்பாளோ?"

"ஓம் பெரியப்பா."

அவர் முகம் தெளிந்தது. சில மாதங்களில் அவருக்கு வதிவிட அனுமதியும் கிடைத்தது. நான்தான் அவரைக் காப்பாற்றினேன் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகுதான், சுனாமியில் அவர் கையிலிருந்து போன ஐந்து வயது மகளைப் பற்றி அம்மா சொன்னார். அம்மாவுக்கும் அது ஊர்க்காரர் சொல்லித்தான் தெரியுமாம்; எங்கள் யாரிடமும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தமிழ் தெரியாத ஒருத்தி கிடைத்ததால்தான் சொன்னார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.