எதிர்க்காட்டு உறுமல்

வாழவந்தி நாடு என்ற மலையூரில் யுவராஜ், மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டித்தான் தொண்டையைப் பழக்கினான். நாமக்கல்லில் பெயரெடுத்துவரும் மெட்டல் ராக் பேண்டில் உறுமிப் பாடுபவன் அவன்தான். ஊர் அந்த உறுமலைப் பாட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் காட்டில் ஒருவர் குரல் கொடுத்தால் எதிர்க்காட்டுக்காரர் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். அது அங்கே மாறாத வழக்கம்.

பனி மூடிய மதியத்தில் அவன் தன் காட்டில் நின்று உறுமினான். டிரம்மர் அருணா செல்போனில் பதிவு செய்தாள். எதிர்க்காட்டிலிருந்து அதேபோல் ஓர் உறுமல் வந்தது.

"எதிர்க்காட்டுச் சுப்பண்ணன் மாமன்தான்" என்று சிரித்தபடி மறுபடி உறுமினான். பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

சேந்தமங்கலம் பஸ்ஸில் வந்திறங்கிய சுப்பண்ணன் பின்னால் வந்து நின்றார். "ஏங் கண்ணு, எங்காட்டுல யாரு உனக்குப் பதில் குடுக்கறது?"

இம்முறை யுவராஜ் கூப்பிடாமலே பனிக்குள்ளிருந்து உறுமல் எழுந்து, அடங்கி, காத்திருந்தது.

இப்போது பதில் கொடுக்க வேண்டியவன் அவன்.