மாமனார் நாக்கில் ஒரு பாடபேதம்

எங்கள் கல்லூரியில் மரபியல் செய்முறை வகுப்புகளிலேயே அதிகச் சத்தம் போடும் வகுப்பு கசப்புக் காகித வகுப்புதான். பி.டி.சி. என்ற வேதிப்பொருளில் நனைத்துக் காயவைத்த வெள்ளைக் காகிதம். நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாக ஒரு குப்பியில் வரும். நாக்கில் வைத்தால் சிலருக்கு வேப்பெண்ணெயைக் குடித்தது மாதிரி கசக்கும். சிலருக்கு வெறும் காகிதம். இடைப்பட்டவர்கள் கொஞ்சம்தான். எந்த நாக்கு எந்த வகை என்பது பிறக்கும்போதே ஜீனில் எழுதி வந்துவிடுகிறது.

அந்த வருடம் மாணவிகள் அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. முன்வரிசையில் ஒருத்தி, "மிஸ், நீங்க ஏமாத்துதிய, இதுல ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் ஓடினார்கள். கசக்காதவர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஆசிரியை என்ற நினைப்பில்லாமல் நானும் சிரித்தேன். மிச்சமிருந்த குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோதும் உதடு மூட மாட்டேன் என்றது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் வாயில் ஒரு துண்டை வைத்தேன்.

"என்னத்துக்கு பேப்பரத் திங்கச் சொல்லுத?" என்றார்.

கசக்கவில்லை. எனக்கோ நுனிநாக்கில் பட்டாலே குமட்டும். என்னவோ ஒரு புதையலைத் தோண்டி எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் கொடுத்துப் பார்க்கத் துடித்தேன். ஆனால் மறுநாள் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் வீடே தலைகீழாகக் கிடந்தது. என் காகிதத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர்களைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவார். அத்தை, அதாவது என் மாமியார், அதிகம் பேச மாட்டார். முகத்தில் எதையும் படிக்க முடியாது. நாத்தனார் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிக்குப் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தாள். அதற்கு முன்னால் வந்துபோன இரண்டு மாப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு, "ம்" என்பதற்கு மேல் ஒரு எழுத்துகூட அவள் வாயிலிருந்து வரவில்லையாம்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் விதைப் பண்ணையில் வேலை பார்ப்பவர். வெயிலில் கறுத்த கைகள், புதுச் சட்டை. அவருடைய அப்பா மாஞ்சோலையில் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, மலையை விட்டு இறங்கி மணிமுத்தாறில் வீடு பார்த்துக் குடியேறியவர். அம்மா வாசலிலேயே, "எங்க, பொண்ணக் காணோம்?" என்று உரக்கக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாமனார் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்து, ஆதியாகமத்திலிருந்து வந்தார். பிறகு பலகாரம். பிறகு அணையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்ற பேச்சு. பிறகு பாபநாசம் சாலையில் பஸ் நெரிசல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைதி தாங்காமல் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீங்க காலேஜ்ல என்ன பாடம் எடுக்கிய?"

"மரபியல். நேத்துகூட பி.டி.சி. பேப்பர் வச்சு..."

"பி.டி.சி.யா!" அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நான் படிக்கும்போது ஒரே ஒரு தடவ நக்கியிருக்கேன். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கல. இங்கன வச்சிருக்கியளா?"

கணவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அதற்குள் நாத்தனார் தலையை நிமிர்த்தி, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மதினி, எடுத்துட்டு வாங்களேன்."

அப்புறம் நான் நிற்பேனா? ஓடிப்போய்க் குப்பியை எடுத்து வந்தேன். முதலில் மாப்பிள்ளை. முகம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி சுருங்கியது. அவர் அம்மா, "ஐயே! ஐயே!" என்று கையிலேயே துப்பிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மாமனார் காகிதத்தை நாக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல காயிதம் இல்ல வே இது, மலிவு" என்றார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி அண்ணாச்சி" என்று மாப்பிள்ளையின் அப்பா மாமனார் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் அதற்குமுன் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

அடுத்தது அத்தை. காகிதத்தை வாங்கி வாயில் வைத்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"ஒண்ணும் தெரியல" என்றார்.

கடைசியாக நாத்தனார். வைத்த மறுநொடி பட்டுச்சேலையோடு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வாய் கொப்பளித்துவிட்டு, முகமெல்லாம் தண்ணீரும் கலைந்த மையுமாக வந்து, "மதினி, இது மனுசன் நாக்குல வைக்கதா?" என்று கத்தினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண் பார்க்க வந்த வீடா, திருவிழாவா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நாளெல்லாம் நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்க்கிறவர் அல்லவா! பலகாரப் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எப்பா, இங்கன பாருங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரு ஜீனுக்கு ரெண்டு பிரதி உண்டு. அப்பா கிட்ட இருந்து ஒண்ணு, அம்மா கிட்ட இருந்து ஒண்ணு. கசக்குததுக்குப் பெரிய டி. கசக்காததுக்குச் சின்ன டி. ஒரு பெரிய டி இருந்தாலே போதும், கசந்துரும். கசக்கவே இல்லன்னா ரெண்டும் சின்ன டி." நாலு கட்டம் போட்டார். "இப்ப இந்த வீட்டு ஐயாவுக்குக் கசக்கல, ரெண்டும் சின்ன டி. அம்மாவுக்கும் கசக்கல, ரெண்டும் சின்ன டி. அப்ப பிள்ளைகளுக்கு..."

ஒரு கட்டம் நிரப்பினார். சின்ன டி, சின்ன டி. இரண்டாவது கட்டமும் அதேதான். மூன்றாவதற்குப் போன பேனா அந்தரத்தில் நின்றது.

அவர் மனதில் ஓடியது எனக்கும் ஓடியது. அந்தக் கணக்குப்படி இந்த அப்பா அம்மாவுக்கு, காகிதம் கசக்கிற பிள்ளை பிறக்க முடியாது. அப்படியென்றால் நாத்தனார் யார் பிள்ளை?

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு. பொண்ணுக்குக் கசந்துச்சே?" என்றார் அவர் அம்மா. கேட்டு முடித்ததும்தான் தான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

மாப்பிள்ளை மூடியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். "இல்ல, நான்தான் தப்பாப் போட்டுட்டேன். பெரிய டியையும் சின்ன டியையும் மாத்தி எழுதிட்டேன். படிச்சு வருசமாச்சுல்லா, மறந்துபோச்சு" என்று சரியாக எழுதியிருந்ததையெல்லாம் அடித்துக் கிறுக்கினார். காது நுனி சிவந்திருந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். எப்போதாவது இந்த விதி பொய்க்கும், காகிதம் பழசாக இருந்தால் கசக்காது, சளி பிடித்திருந்தால் தெரியாது, வயதானால் நாக்கு மழுங்கும். பாதி உண்மை, பாதி உளறல். எவ்வளவு வேகமாகப் பேசினேனோ அவ்வளவு மோசமாகிக்கொண்டே போயிற்று. மாமனார் மட்டும் ஒன்றும் புரியாமல், "கணக்குல என்ன பிழை? எங்க, காட்டும்" என்று மூடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பைய விளங்கியது. எழுந்து நின்றார்.

"கசந்துச்சு" என்றார்.

"என்னது?" என்றார் கணவர்.

"எனக்கும் கசந்துச்சுலே! தொண்ட வரைக்கும் எரிஞ்சுச்சு. சம்பந்தம் பேச வந்தவுக முன்னால முகத்தச் சுளிச்சா நல்லாவா இருக்கும்? அதான் முழுங்கிட்டேன்."

"எதை முழுங்கினிய? பேப்பரையா?" என்று கேட்டேன்.

"பேப்பரையுந்தான்."

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். சோபாவில் பக்கவாட்டில் சாய்ந்து, கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இன்னொண்ணு வச்சுக் காட்டுங்க, நம்புதேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அத்தை வாங்கி வைத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு பார்த்திராத முகம் அது. ஒரு கண் மூடி, மூக்கு ஏறி, நாக்கு வெளியே வந்து, "த்தூ! என்னா கசப்பு!" என்று துப்பினார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அத்தை, அப்ப போன வாரம் நான் வச்ச பாகற்காய்க் குழம்பு?"

அத்தை கண்ணைத் துடைத்தபடி, "அது இதவிட மோசம் தாயி" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போனபின் வீடு காலியானதுபோல் இருந்தது. யோசனை பண்ணிச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமனார் மட்டும் கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அத்தைக்குக் கசக்கு. பொண்ணுக்குக் கசக்கு. உனக்கும் கசக்கு. என் நாக்குல என்னம்மா குறை?"

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். செல்லுக்குள் ஜீன் என்பது எழுத்துகளின் நீண்ட வரிசை. அதைப் பிரதி எடுத்து, மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும் ஒரு கருவி செல்லில் இருக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோக்கும். கோத்து முடித்த சரம் தானாக மடிந்து ஒரு புரதமாகும். நாக்கில் இந்தக் கசப்பைப் பிடிக்கிற புரதமும் அப்படி உண்டானதுதான். நடுவில் ஓர் எழுத்து மாறினால் வேறு அமிலம் வந்து உட்காரும்.

"பழம்னு இருக்க வேண்டியது படம்னு ஆகுத மாதிரி, மாமா. உங்க பிரதியில மூணு இடத்துல அப்படி மாறியிருக்கும். அதனால அந்தப் புரதம் இந்தப் பேப்பர்ல உள்ள கசப்பப் பிடிக்க மாட்டேங்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அச்சுப்பிழையா? எனக்குள்ளயா? அதுவும் மூணா?" ஆயுள் முழுவதும் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவருக்கு அது பெரிய அடியாக இருந்தது.

"பிழைன்னு சொல்லாதிய மாமா. உலகத்துல எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கு. ஏட்டுக்கு ஏடு ஒரு சொல்லு வேற மாதிரி இருக்குமே, அந்தப் பாடபேதம்னு வச்சுக்கிடுங்க."

"பாடபேதம்." வாயில் போட்டு மென்று பார்த்தார். முகம் மலர்ந்தது. "அது கௌரவமான சங்கதிதான். அப்ப எனக்குக் கசப்பே தெரியாதோ?"

அப்படி இல்லை, கசப்பைப் பிடிக்கும் புரதங்கள் நாக்கில் பலவகை உண்டு, இது ஒன்றுதான் வேறு மாதிரி என்றேன். நம்பவில்லை. அடுக்களைக்குப் போய் வெந்தயத்தை மென்றார். கசந்தது. காப்பித் தூளை நக்கினார். கசந்தது. பின்வாசல் வேம்பில் ஒரு கொழுந்தைக் கிள்ளிப் போட்டு, "எம்மாடி, கசக்கு! நல்லாக் கசக்கு!" என்று கூவிக்கொண்டு உள்ளே வந்தார். கணவர் பின்னாலேயே போய்த் தானும் ஒரு கொழுந்தைக் கிள்ளினார். அதோடு விடாமல் அப்பாவும் மகனும் அடுக்களையிலிருந்த பாகற்காயைப் பங்குபோட்டுக் கடித்துக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்து அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தக் கூத்துக்கு நடுவில்தான் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. வழியிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். "எங்களுக்குச் சம்மதம் மைனி. உங்க பொண்ணு என்ன சொல்லுதா? மூஞ்சிய மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க" என்று அவர் சிரித்தது போனுக்கு வெளியே எல்லாருக்கும் கேட்டது.

அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். "ஏட்டி, என்ன சொல்ல?"

நாத்தனார் மை கலைந்த முகத்தை இன்னும் கழுவியிருக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். "ம்" என்று மட்டும் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"அவிய எழுதினது சரிதான மதினி?" என்று என்னிடம் கேட்டாள்.

"சரிதான். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே, தப்பாப் போட்டுட்டேன்னு அடிச்சாவல்லா?"

"ஆமா."

"அப்ப சரின்னு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினாள். கதவை மூடினாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. குதித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அத்தை போனைக் காதில் வைத்து, "சரியாம்" என்றார். மாமனார் கையில் பாகற்காயோடு இன்னொரு நீண்ட ஜெபத்துக்குத் தயாரானார்.